குரங்குக் கூட்டத்திலும் கங்காணி உண்டா?

2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை, இலங்கை முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறை உப மின் நிலையத்துக்குள் ஒரு குரங்கு புகுந்ததுதான் காரணம் என்று எரிசக்தி அமைச்சர் சொன்னார். நாடே சிரித்தது. மறு மாதம் 15ஆம் திகதி காலை 8 மணிக்கு, பயிர்களை அழிக்கும் குரங்கு, மயில் முதலானவற்றை ஐந்தே நிமிடத்தில் எண்ணித் தரும்படி அரசாங்கம் மக்களைக் கேட்டுக்கொண்டது. அதற்கு முன், 2023இல், ஒரு இலட்சம் குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்பும் யோசனை எழுந்து, எதிர்ப்பும் வழக்கும் வந்த பிறகு நின்றுபோனது.

குரங்கை எண்ணிவிட்டோம், ஏற்றுமதி செய்யப் பார்த்தோம், அதன் மீது பழியும் போட்டோம். அது தன் கூட்டத்துக்குள் எப்படி வாழ்கிறது என்று பார்த்தவர்கள் குறைவு. பார்க்காமலேயே மிருகத்தை உதாரணம் காட்டுவதில் மட்டும் நமக்குக் குறைவில்லை. வட்டகொடையில் பஸ்ஸுக்கு நிற்கும் இடத்திலும் ஆசிரியர் அறையிலும் நான் அடிக்கடி கேட்கும் பேச்சு இது: "காட்டுல பலமுள்ளது தின்னும், பலமில்லாதது சாகும். மனுசனும் ஒரு மிருகந்தானே. எல்லாம் இயற்கை."

இந்தப் பேச்சில் மூன்று விஷயங்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. விலங்கு எப்படி வாழ்கிறது என்பது ஒன்று. மனிதனும் அப்படித்தான் என்பது இரண்டாவது. ஆகவே அப்படியே இருக்கட்டும் என்பது மூன்றாவது. முதலாவதை விஞ்ஞானம் பார்த்துச் சொல்லியிருக்கிறது. இரண்டாவது பாதி உண்மை. மூன்றாவதுதான் ஆபத்து. மூன்றையும் பிரித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பழைய ஏடுகளில் விலங்கு

விலங்கில் மனிதனைப் பார்ப்பது தமிழுக்குப் புதிதல்ல. குறுந்தொகையின் 69ஆம் பாட்டு, கடுந்தோட் கரவீரன் பாடியது. இரவில் மலைவழியே வரும் தலைவனைத் தோழி தடுக்கிறாள். அவன் நாட்டு மலையில், ஆண் குரங்கு இறந்ததும் அதன் மந்தி தன் சின்னக் குட்டியை உறவிடம் சேர்த்துவிட்டு, உயர்ந்த மலைச்சரிவிலிருந்து பாய்ந்து உயிர் விடுகிறதாம். அப்படிப்பட்ட நாட்டுக்காரனே, எங்களையும் எண்ணிப் பார் என்பது உட்பொருள். பல்கலைக்கழகத்தில் இதைப் படித்தபோது பெண்ணின் கற்புக்கு உவமை என்று குறித்துக்கொண்டோம். திருவள்ளுவரும் காக்கையைச் சுற்றந்தழால் அதிகாரத்தில் வைத்தார். கிடைத்ததை ஒளிக்காமல் இனத்தைக் கூப்பிட்டு உண்பது அவர் கண்ட காக்கை.

நமது மார்க்க மரபிலும் இந்தப் பார்வை ஆழமானது. பூமியில் நடமாடுவதும் சிறகால் பறப்பதும் உங்களைப் போன்ற சமுதாயங்களே என்ற கருத்தை அல்குர்ஆனின் அல்அன்ஆம் அத்தியாயம் சொல்கிறது. அங்கே வருவது நாம் நம்மைக் குறிக்கச் சொல்லும் 'உம்மத்' என்ற சொல்லின் பன்மை. எறும்பின் பெயராலும் தேனீயின் பெயராலும் அத்தியாயங்கள் இருக்கின்றன. 9ஆம் நூற்றாண்டில் பஸ்றாவில் வாழ்ந்த அல்ஜாஹிள் 'கிதாபுல் ஹயவான்' என்ற பெருநூலை எழுதினார். மறு நூற்றாண்டில் அதே பஸ்றாவின் இக்வானுஸ் ஸஃபா குழுவினர் தங்கள் மடல் ஒன்றில் விலங்குகளை வழக்காட வைத்தார்கள். மனிதன் எங்களை அடிமைப்படுத்துகிறான் என்று அவை ஜின்களின் அரசனிடம் முறையிடுகின்றன. மனிதன் காட்டும் பெருமைகளை ஒவ்வொன்றாக மறுக்கின்றன. மறுமையில் விசாரிக்கப்படப் போகிறவன் என்ற ஒன்றில்தான் மனிதனுக்கு ஏதோ தனித்தன்மை மிஞ்சுகிறது.

ஆக, ஒப்பிடுவதில் தவறில்லை. சரியாகப் பார்த்து ஒப்பிடுகிறோமா என்பதே கேள்வி.

பொலன்னறுவையின் குடும்பங்கள்

சிங்களத்தில் 'ரிலவா' என்று சொல்லும் செங்குரங்கு இலங்கைக்கே உரியது. உலகில் வேறெங்கும் காட்டில் இல்லை. நம் மலைப்பக்கத்தில் இருப்பது அதன் ஒரு கிளையினம். லயத்துக் கூரையில் ஓடுவதும் மரக்கறிப் பாத்தியைப் பிடுங்குவதுமாக நமக்குப் பழக்கமானதுதான். ஆனால் அதன் குடும்ப வரலாறு எழுதப்பட்டது மலையகத்தில் அல்ல, பொலன்னறுவையில். வொல்ப்காங் டிட்டஸ் என்ற ஆய்வாளர் 1968இல் அங்கே வந்தார். பழைய இராசதானியின் இடிபாடுகளுக்கிடையே வாழும் குரங்குகளை முகம் பார்த்து அடையாளம் கண்டு, யாருடைய மகள் யார், பேத்தி யார் என்று தலைமுறை தலைமுறையாகப் பதிவு செய்தார். அந்த ஆய்வு அரை நூற்றாண்டைத் தாண்டியது. 2015இல் வந்த 'மங்கி கிங்டம்' திரைப்படமும் அந்தக் குரங்குகளைப் படம் பிடித்ததுதான்.

தரம் 10 வகுப்பில் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவன் கேட்டான்: "டீச்சர், அப்ப குரங்குக் கூட்டத்துலயும் கங்காணி இருக்காரா?" வகுப்பு சிரித்தது. ஆனால் கேள்வி சரியான கேள்வி.

இருக்கிறது என்றுதான் பதில் சொல்ல வேண்டும். கூட்டத்தில் ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் உண்டு, யார் யாருக்கு வழி விட வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். பெண்கள் பிறந்த கூட்டத்திலேயே சாகும்வரை இருப்பார்கள். ஆண்கள் வாலிபம் வந்ததும் வெளியேறி வேறு கூட்டத்தில் போய்ச் சேர வேண்டும். (மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வரும் நம் கிழக்கிலங்கை ஊர்க்காரர்கள் இங்கே புன்னகைக்கலாம்.) பெண் குட்டியின் அந்தஸ்து அதன் உடல் பலத்தால் வருவதல்ல, தாயிடமிருந்து வருவது. உயர்ந்த குடும்பத்துப் பெண் குட்டி, தன்னைவிடப் பெரிய, பலமான, தாழ்ந்த குடும்பத்துப் பெண்ணை விரட்டிவிடும். தாயும் பெரியம்மாவும் பாட்டியும் பின்னால் நிற்பது எல்லாருக்கும் தெரியும். ஆக, 'பலமுள்ளது தின்னும்' என்பது இங்கேயே பாதி பொய்யாகிறது. பல வேளைகளில் தின்பது நல்ல இடத்தில் பிறந்தது.

அந்த இடம் எதைத் தீர்மானிக்கிறது? சோற்றை. காய்த்த மரத்தில் நல்ல கொப்பு மேல்நிலைக் குடும்பத்துக்கு. கீழ்நிலைக் குட்டி ஓரத்தில் பொறுக்க வேண்டும். செங்குரங்குக்குக் கன்னத்தில் உணவு சேர்த்து வைக்கும் பை உண்டு. கீழ்நிலைக் குட்டி அவசரமாக அதில் அடைத்துக்கொண்டதைக்கூட மேல்நிலைக் குரங்கு வாயைப் பிரித்து எடுப்பதை டிட்டஸ் கண்டிருக்கிறார். அவர் ஆராய்ந்த காலத்தில் பிறந்த குட்டிகளில் பத்தில் எட்டுக்கு மேல் வளர்ந்து ஆளாகவில்லை. யாரும் கடித்துக் கொன்று அவை சாகவில்லை. வரட்சி வரும்போது நல்ல உணவிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்கப்பட்டு, மெலிந்து, நோயிலும் விபத்திலும் போயின. பஞ்சம் எல்லார் மீதும் சமமாக விழவில்லை. கடைசி வரிசைக் குட்டிகள் மீதே விழுந்தது.

இதைப் படிக்கும்போது எனக்குத் தோட்டத்துப் பிள்ளைகள் ஞாபகத்துக்கு வராமல் இல்லை. துரை, கிளாக்கர், கணக்கப்பிள்ளை, கங்காணி, கடைசியில் கொழுந்துக் கூடை என்று அடுக்கிய வரிசையில் யாருடைய பிள்ளை எங்கே பிறந்தது என்பதே யார் எவ்வளவு சாப்பிட்டது, எவ்வளவு படித்தது என்பதை ரொம்ப காலம் தீர்மானித்தது. அங்கேயும் யாரும் யாரையும் கொல்லவில்லை.

ஆனால் அதே குரங்கின் இன்னொரு முகத்தையும் சொல்லாவிட்டால் அது நியாயமாகாது. நிறையப் பழுத்த மரத்தைக் கண்ட செங்குரங்கு ஒரு தனிக் குரல் கொடுக்கும். அந்தக் குரலுக்கு 'இங்கே நிறைய இருக்கிறது' என்பதே பொருள் என்று டிட்டஸ் 1984இல் எழுதினார். கேட்ட கூட்டம் ஓடி வரும். வள்ளுவரின் காக்கையும் இந்தக் குரங்கும் ஒரே பாடம். கன்னப் பையைப் பறிக்கும் குரங்கும் கூப்பிடும் குரங்கும் ஒரே கூட்டத்தில் இருக்கின்றன. 'இயற்கை' என்று சொல்கிறவர் இதில் எந்தக் குரங்கைச் சொல்கிறார்?

இனி குறுந்தொகை மந்தியிடம் திரும்பிப் பார்த்தால், புலவன் பார்த்தது எது, ஏற்றிச் சொன்னது எது என்று பிரிக்கலாம். மந்தி கணவனுக்காக உயிர் விடுவது மனித உலகத்திலிருந்து போனது. செங்குரங்குக் கூட்டத்தில் ஆண் வருவதும் போவதுமாக இருக்கும், பெண்ணின் வாழ்வு தாய்வழி உறவோடுதான். ஆனால் குட்டியை உறவிடம் சேர்த்தது உண்மையான கவனிப்பு. குரங்குக் குட்டியைச் சுற்றி அக்காவும் சின்னம்மாவும் இருப்பது காட்டில் நடப்பதே. அந்த உறவுக்குப் பாட்டு சொல்லும் சொல் 'கிளை'. மரத்தின் கிளையும் சொந்தமும் தமிழில் ஒரே சொல்லாய் இருப்பது குரங்குக்கு எவ்வளவு பொருத்தம்!

கூண்டுக்குள் பார்த்த ஓநாய்

சரியாகப் பார்க்காமல் ஒப்பிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு ஓநாய் உதாரணம். இன்று முகாமைத்துவப் பயிற்சி வகுப்பிலும் யூடியூப்பிலும் 'ஆல்பா ஆண்' என்ற பேச்சு நிறைய. அடக்கி ஆள்கிறவனே தலைவன், ஓநாய்க் கூட்டத்தைப் பாருங்கள் என்கிறார்கள். இதன் மூலம் ருடொல்ப் ஷெங்கல் என்பவர் 1947இல் எழுதிய ஆய்வு. சுவிட்சர்லாந்தின் பாசல் மிருகக்காட்சிசாலையில் அடைக்கப்பட்டிருந்த ஓநாய்களை அவர் பார்த்தார். அவை இடத்துக்காக ஓயாமல் மோதின. அமெரிக்க ஆய்வாளர் டேவிட் மெக் 1970இல் எழுதிய புத்தகம் அந்தக் கருத்தைப் பரப்பியது.

பிறகு அதே மெக், கனடாவின் வடகோடியில் எல்ஸ்மியர் தீவில் பல கோடைக் காலங்கள் தங்கி, காட்டு ஓநாய்களைப் பக்கத்திலிருந்து பார்த்தார். கூட்டம் என்பது ஒரு தாய், ஒரு தகப்பன், அவர்கள் பிள்ளைகள், அவ்வளவுதான். பெரியவர்கள் வழிகாட்டுகிறார்கள், பிள்ளைகள் வளர்ந்ததும் தனிக் குடும்பம் அமைக்கப் போகிறார்கள். இதை 1999இல் எழுதினார். தன் பழைய புத்தகத்தை இனி அச்சிட வேண்டாம் என்று பதிப்பகத்தையும் கேட்டுக்கொண்டார். ஆனால் 'ஆல்பா' பேச்சு நிற்கவில்லை. ஆள நினைக்கிறவர்களுக்கு அது வசதியாக இருக்கிறதே.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் இரண்டு குடும்பத்தை வைத்து, ஒரு பீலிக் குழாயில் இருபது வீட்டைத் தண்ணீர் பிடிக்கவிட்டு, பிறகு "லயத்து ஆளுங்க எப்பவும் சண்டைதான், அவங்க குணமே அது" என்று சொல்வோர் உண்டு. அவர்கள் பார்த்தது குணத்தை அல்ல, அடைப்பை.

குளவிக் கூடும் வதந்தியும்

தோட்டத்தில் "குளவி கொட்டிருச்சு" என்று செய்தி வந்தால் பல வேளைகளில் கொட்டியது பெருந்தேனீதான். உயர்ந்த மரத்திலோ பாறையிலோ ஒற்றை அடையாகத் தொங்கும். கழுகு தொட்டாலும் கலையும். கொழுந்து பறிக்கும் பெண்கள் இதனால் உயிரையே இழந்திருக்கிறார்கள். ஒரு தேனீ கொட்டினால் ஏன் நூறு வருகிறது? கொட்டும்போது கொடுக்கோடு ஒரு வாசனையும் வெளியாகிறது. வாழைப்பழ வாசம் போன்ற அந்த இரசாயனம் 'எதிரி இங்கே' என்று மற்றத் தேனீக்களுக்குச் சொல்கிறது. அடுத்தது கொட்ட, வாசம் கூடும். வாசம் கூட, இன்னும் நூறு வரும்.

மனிதக் கும்பல் திரள்வதும் வெளிப்பார்வைக்கு இதே மாதிரித்தான். 2018 பெப்ரவரி கடைசியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடைக் கறியில் எதையோ கண்டு, மலட்டு மாத்திரை என்று கத்தினார்கள். கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அரச பகுப்பாய்வாளர் பார்த்தபோது அது மாவுக்கட்டி. அப்படி மனிதனை மலடாக்கும் மாத்திரையே கிடையாது என்று மருத்துவர்கள் சொன்னார்கள். அதற்குள் மார்ச் மாதம் திகனை எரிந்தது. சமூக வலைத்தளங்களை அரசாங்கம் சில நாட்கள் முடக்க வேண்டி வந்தது. அந்த வன்முறையில் தன் தளத்துக்கு இருந்த பங்குக்காக 2020இல் பேஸ்புக் மன்னிப்புக் கேட்டது.

இப்படி நடந்த பிறகு "மக்கள் ஆத்திரம், இயற்கையா வந்தது" என்று சொல்லி முடிப்பார்கள். தேனீயின் பக்கம் நின்று இதை மறுக்க வேண்டியிருக்கிறது. தேனீயின் எச்சரிக்கையை யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. தன் அடையைத் தொட்டவனைத்தான் அது துரத்தும், பக்கத்து ஊரிலிருந்து பஸ் பிடித்து வந்து கொட்டாது. கொட்டிய தேனீ கொடுக்கை இழந்து தானும் சாகிறது. வதந்தியை ஏவியவன் சாவதில்லை. கும்பல் தேனீயைப் போன்றது என்பது திரளும் விதத்துக்கு மட்டும் பொருந்தும், பொறுப்புக்குப் பொருந்தாது.

வழக்கம் மாறிய ஒரு கூட்டம்

இனி அந்த மூன்றாவது விஷயம்: 'ஆகவே அப்படியே இருக்கட்டும்.' இயற்கையில் நடப்பதெல்லாம் சட்டம் என்றால் எதையும் விடக்கூடாது. இந்தியாவின் அபு மலையில் சாம்பல் மந்திகளை 1970களில் ஆராய்ந்த சாரா ஹிர்டி, கூட்டத்தைப் புதிதாகப் பிடித்த ஆண், முந்திய ஆணின் பால்குடிக் குட்டிகளைக் கொல்வதை எழுதினார். இயற்கையைச் சாட்சிக்கு அழைக்கிறவர் யாரும் இதைப் பின்பற்றச் சொல்வதில்லை. அப்படியானால் அவர் ஏற்கெனவே தெரிவு செய்துவிட்டார். தனக்கு வசதியான விலங்கை எடுத்துக்கொண்டு, வசதியில்லாததை விட்டுவிட்டார்.

அதைவிட ஆச்சரியம், விலங்கின் வழக்கமே சிலவேளை மாறுகிறது. கென்யாவில் ரொபர்ட் சபோல்ஸ்கி ஆராய்ந்த பபூன் கூட்டம் ஒன்றில், முரட்டு ஆண்கள் பக்கத்து உல்லாச விடுதியின் குப்பைமேட்டுக்குப் போய் அங்கிருந்த கூட்டத்தோடு சண்டையிட்டுச் சாப்பிட்டன. 1980களில் அந்தக் குப்பையில் வந்த கெட்ட இறைச்சியால் காசநோய் பரவி, போய்ச் சாப்பிட்டவை செத்தன. மிஞ்சியவை சாதுவான ஆண்களும் பெண்களும். கூட்டத்தில் அடி உதை குறைந்தது. இதுவரை விபத்து. ஆனால் பத்து வருடம் கழித்துப் பார்த்தால், அந்த ஆண்களும் போய், எல்லாரும் வெளியிலிருந்து வந்து சேர்ந்த புது ஆண்கள். அப்படியும் கூட்டம் சாதுவாகவே இருந்தது. வந்தவை அங்கிருந்த வழக்கத்தைப் பழகிக்கொண்டன. 2004இல் இது வெளியானது. பபூனின் முரட்டுத்தனமே நூறு வீதம் விதி இல்லையென்றால், மனிதனின் வரிசை எப்படி விதியாகும்?

நம்முடைய வரிசைகள் எழுதப்பட்டவை. 1948இல் ஒரு பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை ஒரே எழுத்தில் நாடற்றவராக்கியது. எஞ்சியிருந்தவர்களுக்கு உரிமை கொடுத்த சட்டம் 2003இல் வந்தது. 55 வருடம் என்பது இரண்டு தலைமுறை. கையால் எழுதியது கையால் மாறியது. எந்தச் செங்குரங்குக்கும் அந்த வழி இல்லை. அதனால்தான் அதன் மீது குற்றமும் இல்லை. இதயம் இருந்தும் விளங்காத மனிதர் கால்நடைகளைப் போன்றவர், அதைவிடவும் வழி தவறியவர் என்ற கருத்தை அல்அஃராஃப் அத்தியாயம் சொல்கிறது. 'அதைவிடவும்' என்ற இடத்தில்தான் நான் நிற்பது வழக்கம். கால்நடைக்குத் தெரிவு கொடுக்கப்படவில்லை.

அந்தத் தரம் 10 மாணவனுக்கு நான் சொன்ன பதிலையும் எழுதிவிடுகிறேன். "இருக்கு மகன். கங்காணி மாதிரி ஒன்னு அங்கேயும் இருக்கு. ஆனா கடைசிக் குரங்கு ஏன் கடைசின்னு அங்கே யாரும் கேட்கிறதில்லை. நீ கேட்டே பாரு, அதுதான் வித்தியாசம்." அவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப கடைசிக் குட்டிக்கு யாருமே குடுக்க மாட்டாங்களா டீச்சர்?" என்று கேட்டான். சிலவேளை தாய் கொடுக்கும் என்றேன். அதற்கு மேல் கொடுப்பதற்கு ஏற்பாடு செய்துவைத்த ஒரே இனம் நாம்தான். ஸகாத் அப்படியொரு ஏற்பாடு. இலவசக் கல்வி இன்னொன்று. இரண்டும் கடைசி வரிசைவரை போய்ச் சேர்கின்றனவா என்பதை நம் ஊரில், நம் பாடசாலையில் எண்ணிப் பார்க்க ஐந்து நிமிடம் போதாது.